வண்டிக்கு அடியிலும் மெழுகு

எங்கள் வீட்டில் சனிக்கிழமை என்றால் மாமாவின் காரைக் குளிப்பாட்டும் நாள். கழுவும் நாள் என்று சொன்னால் அவருக்கு முகம் சுருங்கும். பாத்திரத்தைக் கழுவலாம், பன்றிக்கூட்டைக் கழுவலாம், அந்த வெள்ளைக் காரைக் கழுவ முடியாது.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. சித்திக்கு அண்ணன். அப்பா வளைகுடாவில் வேலை பார்த்ததால் நானும் அம்மாவும் அவர்கள் இருவரோடும் அம்மா பிறந்த வீட்டிலேயே இருந்தோம். பாறசாலையிலிருந்து உள்ளே தள்ளி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் வீடு. ஆரியங்கோடு பக்கம் தோட்டக்காரர்களிடம் ரப்பர் ஷீட் வாங்கி விற்பது மாமாவின் தொழில். ஷீட்டின் புகை நாற்றம் அவர் சட்டையிலும் ஸ்கூட்டரிலும் எங்கள் தலையணையிலும்கூட உண்டு. காரில் மட்டும் கிடையாது. ரப்பருக்கு நல்ல விலை இருந்த காலத்தில் வாங்கிய கார்தான், ஆனாலும் ஒரு ஷீட்கூட அதில் ஏறியதில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சர்ச்சுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதோடு அதன் வேலை முடிந்துவிடும். செருப்பைத் தட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். கதவில் பதிந்த கைரேகை யாருடையது என்று மாமா பார்த்த உடனே சொல்லிவிடுவார். பெரும்பாலும் அது என்னுடையதாகவே இருந்தது.

அந்தக் காரில்தான் சித்திக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். சர்ச் மைதானத்தில் அவள் ஓட்ட, மாமா பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருப்பார். தங்கையை அத்தனை நம்பினார். அப்படிப்பட்டவர் அவளோடு பேசுவதை ஒருநாள் அடியோடு நிறுத்திவிட்டார்.

காரணம் கல்யாணம். சித்தி நெய்யாற்றின்கரையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அதே மருத்துவமனையில் ரத்தம் பரிசோதிக்கிறவரைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். மாப்பிள்ளைக்குப் பொழியூர், அவருடைய அப்பா கடலுக்குப் போகிறவர். சபை வேறு என்பதையெல்லாம் அம்மா இரண்டு பக்கமும் பேசிச் சரிக்கட்டிவிட்டாள். மாமாவுக்குச் சபை ஒரு பொருட்டே இல்லை. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் பொழியூருக்குப் போய் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பின்வாசலில் நின்ற தென்னை இப்போது தண்ணீருக்குள் நிற்கிறதாம். வந்ததும் அம்மாவிடம் கத்தினார்.

"கடல் கொண்டுபோற வீட்டுக்கு எனக்க தங்கச்சிய அனுப்ப மாட்டேன். அடுத்த மழைக்கு அடுக்களையும் போவும். நான் கண்ணால கண்டேனாக்கும்."

சித்தியும் பிடிவாதமாக நின்றாள், கல்யாணமும் நிச்சயமாயிற்று. மாமா தன் பங்குக்கு ஒரு தீர்ப்புச் சொன்னார்: பெண் போகக் கார் வரும், அவர் வரமாட்டார். எங்கள் சர்ச்சில் பெண்ணின் கையைப் பிடித்துப் பீடம் வரை கூட்டிப்போவது அப்பாவின் வேலை. தாத்தா இறந்துபோயிருந்ததால் அது மாமாவுக்கு வந்திருந்தது. வேறு யாராவது சொந்தக்காரரை ஏற்பாடு செய்யலாமா என்று அம்மா கேட்டபோது, அண்ணன் வராவிட்டால் தனியாக நடந்துபோகிறேன் என்றாள் சித்தி. அம்மா அன்றிலிருந்து சமையலில் உப்பு போடுவதை மறக்க ஆரம்பித்தாள்.

இதில் எனக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது. ஒரே வீட்டில் இருந்த அண்ணனும் தங்கையும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். சோறு எடுத்து வைத்தாயிற்று என்று சொல்லு, சோறு வேண்டாம் என்று சொல்லு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர்கள் சமாதானம் ஆகிவிடக் கூடாதே என்றுகூட ஒருமுறை இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாமா விடிந்ததும் காரை அயனி மரத்து நிழலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். கூரையில் தொடங்கி மேலிருந்து கீழாகக் குளிப்பாட்டினார். சக்கரத்துக்குத் தனி வாளி, தனித் துணி. சக்கரத் துணி உடம்பில் பட்டால் அந்த மண்ணே கீறிவிடும் என்பார். ஓரத்தில் தெறித்திருந்த தார்ப் புள்ளிகளை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார். பழைய வேட்டியால் ஈரத்தை ஒற்றி எடுத்தார். பிறகு பாலிஷ் போட்டு, கண்ணுக்கே தெரியாத கீறல்களை எல்லாம் தேய்த்துத் தேய்த்து மறைத்தார். கடைசியாக, களியக்காவிளையில் வாங்கிவந்த மெழுகு டப்பாவைத் திறந்தார்.

மெழுகைச் சிறு வட்டமாகப் பூசி, காயவிட்டு, வேறு துணியால் துடைத்து எடுக்க வேண்டும். காய்ந்தால் அது வெள்ளையாகப் பூத்துவிடும். கறுப்புக் காரில் அது பளிச்சென்று தெரியும். வெள்ளைக் காரில் துடைத்தது எது, துடைக்காதது எது என்று சாமிக்குத்தான் வெளிச்சம். மாமா குனிந்தும் சாய்ந்தும் பார்த்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். துடைக்காத இடம் துடைக்காமலே நின்றது.

சித்தி அடுக்களை ஜன்னலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொறுக்க முடியாமல் வெளியே வந்து காரின் மறுபக்கம் நின்றாள். நரம்பு தேடி ஊசி போட்டுப் பழகிய கை அவளுடையது. விரல் நுனியைக் கதவின்மேல் மெல்ல ஓட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"மக்கா, அண்ணன்கிட்ட சொல்லு. பொறத்த டோருல மெழுகு அப்பிடியே இருக்கு."

மாமா நாலு முழ தூரத்தில்தான் நின்றார். நான் கடமை தவறாமல் சுற்றிப்போய்ச் சொன்னேன்.

"எனக்க வண்டிய எனக்குத் தெரியும்னு சொல்லு."

அதையும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஆனால் மாமா வந்து அந்த இடத்தைத் துடைத்தார். அவள் விரல் நகர்ந்து அடுத்த இடத்தில் நின்றது. அங்கேயும் துடைத்தார். அவள் விரல் முன்னால் போக, அவர் துணி பின்னால் போக, காரை ஒரு சுற்று வந்தார்கள். நான் நடுவில் ஓடி ஓடி இளைத்தேன். பானட் பக்கம் வந்தபோது மாமா துணியை உதறிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"கடல் வீட்டுக்குள்ள எப்பம் கேறும்னு சித்திகிட்ட கேளு."

நான் வாயைத் திறக்குமுன் சித்தி நேராக அவரைப் பார்த்தாள்.

"மழைக்காலத்திலதான் கேறும் அண்ணா. கேறினா இஞ்ச வாறேன். எனக்கு வேற எங்க போவ உண்டு?"

"எப்பிடி வருவ?" என்றார் மாமாவும், அவளிடமே. "ராத்திரி கேறினா பஸ்ஸா நிக்கும்?"

சித்தி காரிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள். மாமா கையிலிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். என் உத்தியோகம் போய்விட்டது என்ற துக்கத்தில் நான் காரின் பக்கம் திரும்பினேன்.

காரைப் பார்த்தால் கண் கூசியது. குவளைத் தண்ணீரை எடுத்து ஊற்றிப் பார்த்தேன். சேம்பிலையில் உருளுவதுபோல முத்து முத்தாக உருண்டு ஓடியது. அம்மாவை அழைத்துக் காட்டலாம் என்று உள்ளே ஓடித் திரும்பி வந்தால், மாமா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

வெயில் தாழத்தான் வந்தார். கையில் துரு பிடிக்காமலிருக்கப் பூசும் கறுப்புப் பூச்சு டப்பாவும் தூரிகையும். சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, முட்டுக்கொடுத்த காருக்கு அடியில் நுழைந்துகொண்டார். அடிப்பாகம் முழுக்கக் கறுப்பைப் பூசினார். பிறகு கதவுகளைத் திறந்துவைத்து, கதவுக்குக் கீழே, கீல் இடுக்கில், மட்கார்டின் உள்விளிம்பில் எல்லாம் மிச்ச மெழுகை அள்ளி அப்பினார். பளபளவென்று ஜொலிக்கிற காரை விட்டுவிட்டு, பொந்துக்குள் மெழுகு பூசுகிறவரை என்னவென்று சொல்வது?

"அங்க யாரு மாமா பாக்கப்போறா?"

"நண்டு பாக்கும்" என்றார் உள்ளேயிருந்து.

எங்கள் வாய்க்காலில் நண்டு உண்டு. அது எதற்கு எங்கள் காரைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

மறுநாள் காலையில் சித்தி பட்டுச்சேலையில் வெளியே வந்தபோது, மாமா தோய்த்துத் தேய்த்த வெள்ளைச் சட்டையோடு காரில் உட்கார்ந்திருந்தார். அம்மா உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். சர்ச்சில் மாமா சித்தியின் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். விரல் இடுக்கில் கறுப்புப் பூச்சு போகாமல் இருந்தது, அவள் வெள்ளைக் கையுறையில் அது ஒட்டியும் விட்டது. அவள் அதைத் தட்டக்கூட இல்லை.

சாயங்காலம் பொண்ணு மாப்பிள்ளையைப் பொழியூரில் கொண்டுவிடப் போனோம். நான் முன் இருக்கையில். வீட்டுக்குப் போகும் சந்து குறுகல். அதில் காரை முன்னும் பின்னுமாக எடுத்து, வேலி வீட்டுக்காரர்களிடம் ஏச்சு வாங்கி, ஒருவழியாக மூக்கு ரோட்டைப் பார்க்கும்படி திருப்பி நிறுத்தினார் மாமா. வீட்டுக்குப் பின்னால் கடல் இரைந்துகொண்டிருந்தது. இறங்கியதும் சாவியைச் சித்தியின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"எப்பமும் இப்பிடித்தான் நிறுத்தணும். கேட்டியா?"

சித்தி தேம்பித் தேம்பி அழுதாள். இத்தனை அழகான கார் கிடைத்தால் நானும்தான் அழுவேன். மாப்பிள்ளை வீட்டார் எதுவும் கேட்டிருக்கவில்லை. ஆனாலும் ஊரில் சீதனம் என்றே பேசிக்கொண்டார்கள். பஸ்ஸில் திரும்பும்போது காரை ஏன் கொடுத்தீர்கள் என்று மாமாவைக் குடைந்தேன். "மறந்து வச்சிட்டு வந்திட்டேன் மக்கா" என்றார். துடைக்கும் துணியைக்கூட மறக்காத மனிதர் காரை மறந்துவிட்டார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன்.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் விடியற்காலையில் மாமா வாசலில் பல் துலக்கிக்கொண்டு நின்றார், நான் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில். ரப்பர் மரங்களுக்கு நடுவே அந்தக் கார் வந்தது. அதை வெள்ளைக் கார் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். கூரை வரை ஈர மணல், கதவில் பாசி, ஒரு பக்கக் கண்ணாடி இல்லை. சித்திதான் ஓட்டிவந்தாள். சித்தப்பாவும் அவருடைய அம்மாவும் அப்பாவும் நனைந்த மூட்டைகளோடும் குடங்களோடும் அதற்குள் அடைந்து கிடந்தார்கள்.

மாமா வாயில் நுரையோடு மழையில் ஓடினார். ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து இறக்கினார். சித்தியின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். காரை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு மனசு தாங்கவில்லை. உள்ளே ஓடி வாளியும் துணியும் எடுத்துவந்து அவர் முன்னால் நீட்டினேன். சக்கரத் துணியைத் தனியாக வைத்திருந்தேன்.

"மாமா, குளிப்பாட்டண்டாமா?"

"அது கெடக்கட்டு மக்கா" என்றார், என்னைக்கூடப் பார்க்காமல்.

ஒரு கைரேகைக்கு என்னை அத்தனை ஏசிய மனிதர். அன்று முழுவதும் நான் மாமாவோடு பேசவில்லை.