அப்பா வீட்டு ஓவன்

கேட்டதை வாங்காமல் விடமாட்டாள் என்று ஊரில் எனக்குப் பெயர். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த அப்பாவோ சவுதியில், ஜுபைலில் இருந்துகொண்டு, போனில் எதைக் கேட்டாலும் ‘செஞ்சிடலாம்மா’ என்று சொல்கிறவர். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்?

மூன்றாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு பாடம். ஒரு வெள்ளைக்காரச் சிறுமி கூடை நிறையப் பழம் பறித்து வருவாள். அவளுடைய அப்பா அதைத் தட்டில் கொட்டி, மேலே மாவைப் போட்டு, ஓவனில் வைத்துக் காப்ளர் என்று ஒன்று செய்து தருவார். படத்தில் தட்டின் ஓரமெல்லாம் கருஞ்சிவப்பாகப் பொங்கி வழிந்திருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு நாக்கில் எச்சில். அந்த வெள்ளிக்கிழமையே போனில் கேட்டேன்.

“உங்க வீட்ல ஓவன் இருக்காப்பா?”

“இருக்கே.”

“நாங்க அங்க வந்தா காப்ளர் செஞ்சு தருவீங்களா?”

“அதுக்கென்ன, செஞ்சிடலாம்மா.”

அப்பாவுக்கு ஜுபைலில் ஓவன் என்ன, வீடே கிடையாது. ஒரு ஆலையில் கான்ட்ராக்ட் டெக்னீஷியன் வேலை. தொழிலாளர் கேம்ப்பில் இரண்டடுக்குக் கட்டில்கள் போட்ட ரூமில் மேல் கட்டில் அவருடையது. இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. அந்தக் கோடை விடுமுறைக்கு எங்களை விசிட் விசாவில் அழைத்தபோது, ஒரு கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு ஊருக்குப் போன நண்பரிடம் ஃப்ளாட் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். சுவரில் மாட்டியிருந்த அந்தக் குடும்பத்துப் போட்டோக்களைக் கழற்றி பீரோவுக்குள் வைத்ததும் அவர்தான். அம்மாவுக்கு விஷயம் தெரியும். தெரியக்கூடாதது எனக்கு மட்டும்தான். எங்கப்பாவுக்குப் பெரிய வீடு இருக்கு என்று பள்ளிக்கூடம் முழுக்க நான் தம்பட்டம் அடித்து வைத்திருந்தேன். என்னை ஏமாற்ற அப்பாவுக்கு மனசு வரவில்லை. அதனால் இப்படி ஏமாற்றினார்.

போய் இறங்கிய மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. சந்தையில் மல்பெரிப் பழம் வந்திருந்தது. அங்கே அதைத் தூத் என்கிறார்கள். வருஷத்தில் சில வாரங்கள்தான் கிடைக்கும். கன்னங்கரேலென்று, தொட்டால் விரலில் சாயம் ஏறும். அப்பா கடைக்காரரிடம் இந்தியில் பேரம் பேசியதைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு டப்பாவை வழியிலேயே காலி செய்துவிட்டேன்.

சமையல் சொல்லிக்கொடுத்தது கேம்ப் மெஸ்ஸின் சமையல்காரர், யாழ்ப்பாணத்துக்காரர். போனை ஸ்பீக்கரில் போட்டு மேடையில் சாய்த்து வைத்தார் அப்பா.

“முதல்ல ஓவனை மூட்டி விடுங்கோ அண்ணை. அது நல்லாச் சூடாக வேணும். அதுக்குள்ள நாங்கள் மாவைக் குழைப்பம்.”

அப்பா குனிந்து, கேஸ் ஓவனின் கதவுக்குக் கீழே இருந்த துளையில் தீக்குச்சியைக் காட்டினார். குப்பென்று பற்றியது. நான் கைதட்டினேன்.

வளைகுடாவில் குடித்தனம் நடத்தும் தமிழ்ப் பெண்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: ஓவன் என்பது அடுப்புக்குக் கீழே இருக்கும் அலமாரி. தோசைக்கல், பணியாரச்சட்டி, ஊரிலிருந்து கட்டி வந்த வடகம், எல்லாம் அதற்குள்தான் அடைக்கலம். மூட்டுவதற்கு முன் காலி செய்யவேண்டும். கேம்ப்பில் காலம் தள்ளிய மனிதருக்கு இதை யார் சொல்லியிருப்பார்கள்?

பழத்தில் சர்க்கரையைப் பிசறி, மைதாவில் வெண்ணெயைப் போட்டு அப்பா பிசைந்துகொண்டிருந்தபோது நாற்றம் வந்தது. பிறகு புகை. கதவைத் திறந்தால் பிளாஸ்டிக் சல்லடை ஒன்று உருகித் தோசைக்கல் மேல் வழிந்திருந்தது. பக்கத்தில் வடகப் பொட்டலம் கரிக்கட்டை. நான் விடுவேனா?

“உங்க வீட்டு ஓவனுக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியாதாப்பா?”

அப்பா கையெல்லாம் மாவோடு அப்படியே நின்றார். போனிலிருந்து மட்டும், “என்ன அண்ணை, சத்தத்தைக் காணேல்லை?” என்று கேட்டது.

அம்மா ஓடி வந்தாள். ஓவனைப் பார்த்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

“நான்தான்டி வச்சேன். நேத்து சாமான ஒதுக்கறப்ப உள்ள தள்ளிட்டேன்.”

“வந்து மூணு நாள் ஆகல, அதுக்குள்ள அப்பா வீட்டைப் பாழாக்கிட்டியேம்மா” என்று கத்தினேன்.

ஒரு சொல் சொன்னால் ஒன்பது சொல்கிற அம்மா, “சரி தாயே, மன்னிச்சுக்க” என்று சொல்லிவிட்டு ஜன்னலைத் திறந்தாள். இன்றைக்கு நினைத்தாலும் அவளைக் கட்டிக்கொள்ளவேண்டும் போலிருக்கிறது.

இருவரும் சேர்ந்து சுரண்டிக் கழுவி மறுபடி மூட்டினார்கள். அப்பா பழத்தின் மேல் மாவை உருண்டை உருண்டையாகக் கிள்ளிப் போட்டு உள்ளே வைத்தார். வெந்து வெளியே வந்தபோது ஓரமெல்லாம் கருஞ்சிவப்பாகப் பொங்கியிருந்தது, என் புத்தகத்தில் இருந்தது போலவே. மாவு மேலே மொறுமொறு, கீழே சாற்றில் ஊறி மெத்தென்று. வாய் சுட்டது, ஊதி ஊதித் தின்றேன். அப்பா தான் தின்னாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமான மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில்தான் எனக்கு நியாயமான சந்தேகம் ஒன்று வந்தது.

“இவ்ளோ பெரிய வீடு இருக்கே, அப்புறம் ஏன்ப்பா எங்கள ஊர்லயே விட்டு வச்சிருக்கீங்க?”

அப்பாவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

“இங்க வெயில் ஜாஸ்திம்மா. உனக்கு ஒத்துக்காது.”

“ஏசிதான் இருக்குல்ல?”

“தின்னும்போது பேசாத” என்றாள் அம்மா. அப்பா இன்னொரு கரண்டி காப்ளரை அள்ளி என் தட்டில் வைத்தார். இவருக்குத் தனியாக இருக்கத்தான் பிடிக்கும் போல என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

விடுமுறை முடிந்து ஊருக்கு வந்தோம். அதற்கப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை போனிலும் என் விசாரணை நடந்தது.

“இன்னிக்கும் காப்ளர் செஞ்சீங்களாப்பா?”

கேம்ப் ரூமின் மேல் கட்டிலில் படுத்தபடி அப்பா சொல்வார், “செஞ்சேம்மா.”

“நல்லா வந்துச்சா?”

“எங்க வருது? நீ இல்லாம சரியாவே வரமாட்டேங்குது.”

எனக்கு அதில் பரம திருப்தி.

“நல்லா வேணும் உங்களுக்கு” என்று சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன்.