பசி மறந்த மண்

உள்ளறையில் யாரோ நகத்தால் சுவரைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. டீ டம்ளரை வாயருகே கொண்டுபோன விஜயராணியின் கை பாதியில் நின்றது.

“சுவருங்க கண்ணு. உப்புப் பூத்து உதிருது. நீங்க குடிங்க,” என்றாள் செல்லாத்தாள்.

சத்தம் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தொடங்கியது. மயானத்தை ஒட்டிய இரண்டு அறை வீடு அது. பட்டப்பகல் பதினொரு மணி. ஆனாலும் விஜயராணிக்கு முதுகு சில்லிட்டது. அதைக் கவனித்த செல்லாத்தாள் சிரித்தாள். தன் வீட்டுக்கு நடந்து வருகிறவர்கள் ரொம்பக் கம்மி, மற்றவர்களெல்லாம் படுத்தவாக்கில்தான் வருவார்கள், வந்தவர்கள் திரும்பிப் போனதும் இல்லை என்றாள். விஜயராணியால் சிரிக்க முடியவில்லை.

மண்ணரை என்ற ஊருக்குப் பின்னால், சாயத் தண்ணீர் ஓடுகிற ஓடைக்கரையில் இருபத்திரண்டு வருடமாகக் குழி வெட்டுகிறவள் செல்லாத்தாள். புருஷன் அங்கமுத்து செத்த அன்று வெட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. செய்துகொண்டிருந்தவனே அவன்தானே! தாலியோடு கடப்பாரையைத் தூக்கினாள். அவள் வெட்டிய முதல் குழி அது.

அன்றைக்கெல்லாம் அந்த மண்ணுக்கு நல்ல பசி இருந்தது. புதைத்த மூன்றாம் மாதம் மேடு இறங்கிவிடும். ஆறேழு வருடம் கழித்து அடுத்த ஆளுக்காக அதே இடத்தைத் திறந்தால் எலும்பும் கருமண்ணும்தான் இருக்கும். புழு, கரையான், எறும்பு, கண்ணுக்கே தெரியாத கோடி உயிர்கள் எல்லாம் தின்று முடித்திருக்கும். அவை விட்டதை வேர் குடிக்கும். வேம்பு தழைக்கும். தழையை அவளுடைய வெள்ளாடு மேயும். அந்த ஆட்டின் பேத்தி தந்த பாலில்தான் இப்போது விஜயராணிக்கு டீ போட்டுக் கொடுத்திருந்தாள்.

செல்லாத்தாள் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் அவள் கைக்கு ஒன்று தெரியும். குழிக்குள் வேப்பந்தழையும் சாணமும் போட்டு மூடி, சில நாள் கழித்து மண்ணுக்குள் கையை விட்டால் இளஞ்சூடு இருக்கும். குப்பைக்குழியில் இருக்கிற அதே சூடு. இலை பிடித்து வைத்த வெயில் அது. இலையைத் தின்ற ஆட்டுக்குப் போய், ஆட்டைத் தின்ற மனிதனுக்குப் போய், ஒவ்வொரு வாயிலும் கொஞ்சம் கொஞ்சமாய்க் கரைந்து, கடைசியில் புழு தின்னும்போது மிச்சமும் காற்றோடு போய்விடும். மண் சுற்றிச் சுற்றி வரும். சூடு மட்டும் போனால் போனதுதான். மறுநாள் சூரியன் புதிதாகத் தரவேண்டும்.

பிறகு ஓடை நிறம் மாறியது. ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் நீலம். துணியில் சாயம் ஏறுவதற்காகப் பட்டறைகளில் மூட்டை மூட்டையாய் உப்புக் கொட்டினார்கள். சாயம் துணியோடு கப்பலேறிப் போனது. உப்பு தண்ணீரோடு ஓடைக்கு வந்தது. தண்ணீரை வெயில் குடித்தது. உப்பு எங்கே போகும்? மயானத்து மண்ணில் இறங்கி உட்கார்ந்தது.

முதலில் எறும்புகள் காணாமல் போயின. படையலில் வைத்த வெல்லம் மூன்று நாளும் அப்படியே கிடந்தது. தீபாவளிக்குப் போட்ட சாமந்தி மாலை பொங்கலுக்கும் மஞ்சளாகவே இருந்தது. காக்காய் இறங்குவதில்லை. மேடுகள் இறங்குவதில்லை. வரிசை வரிசையாய், நேற்றுப் புதைத்தது போலவே நின்றன.

விஜயராணிக்கு இருபத்தேழு வயது. வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா வீரணன் சாயப்பட்டறையில் உப்பு மூட்டை தூக்கியவர். எட்டு வருடத்துக்கு முன்னால், தொண்ணூற்றொன்பதில், நெஞ்சுவலியில் போனார். பதினாறு நாளுக்கு முன்னால் அம்மா பாண்டியம்மாளும் போய்ச் சேர்ந்தாள். சாகும்போது அவள் மகளிடம் கேட்டது இரண்டே காரியம். தன்னை வீரணன் குழியிலேயே வைக்க வேண்டும். அவருடைய எலும்பில் ஒன்றை எடுத்து ராமேஸ்வரம் கடலில் கரைக்க வேண்டும்.

முதல் காரியம் முடிந்தது என்று விஜயராணி நம்பியிருந்தாள். இரண்டாவதற்காக, குழி வெட்டச் சொன்னபோதே ஒரு எலும்பை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தாள். அதை வாங்கத்தான் இன்றைக்கு வந்திருந்தாள்.

செல்லாத்தாள் எழுந்து உள்ளறைக்குப் போனாள். அங்கே மஞ்சள் துணியில் ஒரு எலும்பு முடிந்து வைத்திருந்தாள். யாரும் கேட்டு வராத ஏதோ ஒரு பழைய குழியின் எலும்பு. கொடுத்தால் இந்தப் பெண் கண்ணில் ஒற்றிக்கொண்டு ரயிலேறிப் போய்விடுவாள். யாருக்கும் தெரியப் போவதில்லை. முடிச்சைக் கையில் எடுத்தாள். செத்தவர்களிடம் அவள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. உயிரோடு இருக்கிறவளிடம் எப்படிச் சொல்வாள்? வெறுங்கையோடு வெளியே வந்தாள்.

“கண்ணு, உங்கய்யன் எலும்பு எங்கிட்ட இல்லீங்க.”

“தொலைச்சிட்டீங்களாக்கா?”

“இல்லீங்க. அவரு இன்னும் எலும்பாவே ஆகலீங்க.”

பாண்டியம்மாளைப் புதைத்த அன்று காலை நடந்ததைச் செல்லாத்தாள் மெதுவாகச் சொன்னாள். நாலடி ஆழத்தில் மண் நீலமாய், களியாய் ஒட்டிக்கொண்டு வந்தது. வேட்டிக்கரை தெரிந்தது. கரையின் பச்சை நிறம்கூடப் போகவில்லை. முகத்தை மூடியிருந்த துணியை விலக்கினாள். மூடிய கண், மீசை, புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. எட்டு வருடம் ஆகியும் மெழுகில் செய்தது போல அப்படியே கிடந்தார். பிண வாடை இல்லை, சாயப்பட்டறை வாடைதான் அடித்தது. அவசரமாக மூடிவிட்டு, ஒரு முழம் தள்ளிப் புதுக்குழி வெட்டி, மத்தியானம் பாண்டியம்மாளை அதில் வைத்தாள். சுற்றி நின்றவர்களிடம் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

விஜயராணி மெல்லிய குரலில் கேட்டாள்.

“கருவாடு மாதிரியாக்கா?”

செல்லாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். எத்தனை ஆயிரம் மூட்டை உப்பை அந்த மனிதர் தன் தோளில் சுமந்து தொட்டியில் கொட்டியிருப்பார்! அத்தனையும் ஓடை வழியாக வந்து அவரைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

முகத்தைப் பற்றிச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. விஜயராணியின் கண்கள் மாறிவிட்டன. அப்பா செத்த அன்று அவள் ஒரு நூல்மில் விடுதியில் இருந்தாள். மூன்று வருட ஒப்பந்தம். செய்தி காலையிலேயே வந்தும், ஷிப்ட் முடித்து மறுநாள் சாயங்காலம்தான் வெளியே விட்டார்கள். அவள் வந்து பார்த்தது வெறும் மண்மேட்டை. அந்த முகம் இந்த எட்டு வருடமாக நாலடிக்குக் கீழே அவளுக்காகக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறது!

“எனக்குக் காட்டுங்கக்கா. ஒரே ஒரு தடவை. நீங்க தோண்டலேன்னா நானே தோண்டிக்கிறேன்.”

செல்லாத்தாள் அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். ஓடை அன்று ஊதா நிறத்தில் ஓடியது. அதன் கரையில் ஈ எறும்பு அசையவில்லை. இரண்டு மேடுகளும் பக்கம் பக்கமாய்க் கிடந்தன. அம்மாவின் மேட்டுக்குள் கையை விடச் சொன்னாள்.

விஜயராணி மண்டியிட்டுக் கையை நுழைத்தாள். முழங்கை வரை போனதும் திடுக்கிட்டாள். மண் சூடாக இருந்தது. காய்ச்சல்காரியின் நெற்றியைத் தொட்டது போன்ற சூடு. மணிக்கட்டின் மேல் ஏதோ வழுவழுவென்று ஊர்ந்து போனது.

குண்டடத்தில் தன் தம்பி நல்லான் உழுகிற காட்டு மண்ணை ஆறு மூட்டை, புழுவும் சாணமுமாகக் முன்பே கொண்டுவந்து வைத்திருந்து அம்மாவைச் சுற்றிப் போட்டிருப்பதாகச் செல்லாத்தாள் சொன்னாள். இந்த மண்ணுக்குத் தின்ன மறந்துபோய்விட்டது, தின்னத் தெரிந்த மண்ணைக் கடன் வாங்கித்தான் போட வேண்டியிருக்கிறது என்றாள்.

“இப்ப உங்கய்யன் பக்கம் கைய வைங்க.”

அது சில்லென்று இருந்தது. பிசுபிசுத்தது. வெளியே எடுத்த கையில் ஈரம் காயக் காய வெள்ளை படர்ந்தது.

“துணிய வெலக்குனதும் காத்துப் பட்டு மூஞ்சி கருக்க ஆரம்பிச்சுதுங்க கண்ணு. அதுக்குப் பயந்துதான் மூடுனேன். நீங்க பாத்தா அந்தக் கருக்கறதத்தான் பாப்பீங்க. பாக்கோணும்னா சொல்லுங்க, கடப்பாரை எடுத்தாறேன். வேண்டாம்னு சொல்ல நான் ஆருங்க?”

விஜயராணி இரண்டு மேட்டுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். ஒரு கை சூட்டில், ஒரு கை குளிரில். அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் அம்மா புழுவோடும் வேரோடும் கிளம்பிவிட்டாள். நாளைக்கு ஏதோ ஒரு தளிராக வெயிலைப் பார்த்துவிடுவாள். அப்பா மட்டும் வழி அடைபட்டு, செத்தும் போக முடியாமல் கிடக்கிறார். தன்னை அன்றைக்கு மில்லுக்குள் பூட்டி வைத்த மாதிரியே யாரோ அவரையும் பூட்டி வைத்திருக்கிறார்கள். இப்போது அந்த முகம் அப்படியே இருக்கட்டும் என்று தானும் ஆசைப்பட்டால், அது பூட்டின் மேல் இன்னொரு பூட்டு.

வெயில் உச்சிக்கு ஏறியது. செல்லாத்தாள் ஒதுங்கி நின்றாள்.

“அப்பா மேல போட எத்தனை மூட்டை மண்ணு வேணும்க்கா?”

பத்து மூட்டையாவது வேண்டும் என்றாள் செல்லாத்தாள். நல்ல மழை பெய்து உப்பு கீழே இறங்கினால்தான் புழு தங்கும், அதற்கு இரண்டு மூன்று வருடம் ஆகும், ஓடை இப்படியே ஓடினால் அதுவும் சொல்ல முடியாது என்று மறைக்காமல் சொன்னாள்.

வீட்டுக்குத் திரும்பி விஜயராணி கை கழுவினாள். எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணில் வெள்ளை போகவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். ராமேஸ்வரம் எப்போது என்று செல்லாத்தாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“மொதல்ல அவரு மண்ணுல கரையட்டும்க்கா. ஞாயித்துக்கிழமை வண்டி வச்சுட்டு வர்றேன். குண்டடத்துக்கு வழி சொல்லுங்க.”

வழி கேட்டுக்கொண்டு அவள் படியிறங்கினாள். மேடுகளுக்கு நடுவே நடந்து ரோட்டுக்குப் போகிறவரை செல்லாத்தாள் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓடைப்பக்கமிருந்து காற்று வெள்ளைத் தூசியை வாரிக்கொண்டு வந்தது. அவள் கதவைச் சாத்தினாள்.