உறைகிணற்றுக்குப் பூ இல்லை

அரியாங்குப்பத்தில் செல்வாம்பாளைக் கோபக்காரி என்று யாரும் சொன்னதில்லை. மாரியம்மன் கோயில் வாசலில் பூக்கூடையோடு உட்கார்ந்திருப்பாள். மாதா தேருக்குப் போகும் சம்பங்கி மாலையும் அவள் கைப்பட்டதுதான். எந்தச் சாமிக்கும் பூ இல்லை என்று அவள் வாய் சொன்னதில்லை. அப்படிப்பட்டவள், தன் தெருவுக்குப் புதிதாக வந்த சாமிக்கு ஒரு முழம்கூடத் தர மாட்டேன் என்று கூடையை மூடிவிட்டாள்.

அஞ்சாவதோடு படிப்பு நின்றுபோனவள் அவள். மகள் கவிநிலா ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு பேச்சைப் போட்டுவிட்டுப் போனதுதான் ஆரம்பம். தீபலட்சுமி என்று ஒரு பேராசிரியை, வாராவாரம் நேரலையில் பழைய ஊர்களைப் பற்றிப் பேசுவார். பூத் தொடுக்கும்போது கைக்குத்தானே வேலை, காது சும்மாதான் இருக்கிறது என்று கேட்க உட்கார்ந்தவள், பிறகு ஒரு வாரம்கூட விட்டதில்லை. கூப்பிடு தூரத்தில் இருக்கிற அரிக்கமேட்டுக்கு, இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ரோமாபுரியிலிருந்து ஜாடி ஜாடியாக ஒயின் வந்து இறங்கியதைக் கேட்டபோது, நார் கையிலேயே நின்றுவிட்டது.

அன்றைக்கு மகளை ஒரு கேள்வி எழுதச் சொன்னாள். அந்த ஊர்ப் பெண்கள் தலையில் என்ன பூ வைத்தார்கள்? கீழே யார் யாரோ சிரிப்புப் பொம்மை போட்டார்கள். பேராசிரியை சிரிக்கவில்லை. அவள் பெயரைச் சொல்லி நல்ல கேள்வி என்றார். மணி கிடைக்கும், வளையல் கிடைக்கும், பூ மக்கிப்போகும். ஆனால் பழைய கிணற்றின் அடியில், ஈரம் காயாத சேற்றில், பூவின் மகரந்தம் எத்தனை ஆயிரம் வருஷம் ஆனாலும் கெடாமல் இருக்கக்கூடும். யாரும் கை வைக்காமல் இருந்தால் இன்ன பூ என்று சொல்லிவிடலாம் என்றார். அந்தப் பேச்சை மட்டும் செல்வாம்பாள் எத்தனை முறை திருப்பிப் போட்டுக் கேட்டிருப்பாளோ. அன்றிலிருந்து மல்லி தொடுக்கும்போதெல்லாம் அவளுக்கு அதே நினைப்புதான். அவர்களும் இதைத்தான் வைத்தார்களா, வேறு ஏதாவதா?

பிறகு வந்த ஒரு புயல் மழையில் ஆறு புரண்டு, தெருவுக்குப் பின்னால் கரை சரிந்தது. சரிந்த இடத்தில் சுட்ட மண்ணால் செய்த வளையங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போல எட்டிப் பார்த்தன. பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. உறைகிணறு. மகள் படம் எடுத்துப் பேராசிரியைக்கு அனுப்பினாள். யாரையும் தொடவிடாதீர்கள், உடனே தொல்லியல் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. போன் போட்டால், திங்கட்கிழமை வருகிறோம் என்றார்கள்.

செல்வாம்பாள் வீடு வீடாகப் போய், அது ரொம்பப் பழசு, யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தாள். அங்கேதான் தப்பு நடந்தது. யாரையும் எதையும் தொடாதே என்று சொல்லாதவள் இப்படிப் பதறினால், தெரு வேறு என்ன நினைக்கும்? அவள் கொழுந்தன் கலியமூர்த்தி அடுத்த நாளே அங்கே ஒரு வேப்பிலைக் கொத்தைச் செருகினான். பக்கத்து வீட்டு சுமலதா மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள். அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று பேச்சு பரவியது. செல்வாம்பாளும் கும்பிட்டாள். கும்பிடுவதில் என்ன குறை? மண்ணைத் தொடாதவரைக்கும் சரி என்று இருந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கோயில் வியாபாரம் முடிந்து வரும்போது, ஆற்றங்கரையில் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். கூடை கை மாறி வந்துகொண்டிருந்தது. சாமி குடியிருக்கிற கிணறு என்றால் முதலில் தூர் வார வேண்டுமாம். கலியமூர்த்தி உறைக்குள் குந்தியபடி அள்ளிக் கொடுக்க, இவர்கள் பக்தியோடு சுமந்து கொண்டுபோய்க் கொட்டினார்கள். கொட்டியதைப் பரப்பி, பந்தல் போடுவதற்குத் தரையாக மிதித்து இறுக்கியிருந்தார்கள். கறுத்த சேற்றில் பானை ஓடுகளும் சேர்ந்தே மிதிபட்டிருந்தன.

உள்ளேயிருந்து தலையை நீட்டினான் கலியமூர்த்தி. "வாங்க அண்ணி. நாளைக்கு மொத மாலை உங்க கையாலதான்."

"பூ கெடையாது" என்றாள்.

"கேட்டீங்களா? போன்ல பாடம் படிச்சு அண்ணிக்கு சாமியே இல்லாமப் போயிடுச்சு. பரீட்சை எப்ப அண்ணி?"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. செல்வாம்பாளுக்குக் காதெல்லாம் சுட்டது. இவன் மேல் கோபம், சிரித்தவர்கள் மேல் கோபம், திங்கட்கிழமை என்று சொன்னவர்கள் மேல் கோபம், தொடாதே என்று தானே சொல்லி இந்தச் சாமியை உண்டாக்கிவிட்ட தன் வாயின் மேல் எல்லாவற்றையும்விடக் கோபம். கூடையைக் கீழே வைத்தாள்.

"சாமி இல்லன்னு நான் சொன்னனா? அம்மன்னு நீதான சொல்ற. அப்ப இது அவ வயிறு. நம்மள நம்பி வந்தவ வயித்துல கைய விட்டுக் கெளறி, அள்ளிக் கொட்டி, மேல ஏறி மிதிக்கிறீங்க. உங்க வீட்டுப் பொம்பளைக்கு இப்படிச் செய்வீங்களாடா?"

இருபது வருஷத்துக்கு மேல் 'தம்பி' என்றே கூப்பிட்ட கொழுந்தனை அவள் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை.

"அண்ணி, பொம்பளைங்க முன்னாடி பேசுற பேச்சா இது? வாய அடக்குங்க."

"அடக்கி அடக்கித்தான் பாதிக் கெணறு போச்சு."

சுமலதா கையிலிருந்த கூடையைத் தரையில் வைத்தாள். அடுத்தவளும் வைத்தாள். கலியமூர்த்தி வீம்புக்கு மறுபடி குனிந்து அள்ளினான். நிறைந்த கூடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். வாங்க ஒரு கையும் வரவில்லை. கடைசியில் தானே கூடையைக் கரையில் வைத்து, முழங்கையை ஊன்றி ஏறி வந்தான்.

பிறகு பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். மேலே அவர்கள் என்ன கட்டினாலும் சரி, உள்ளே இனி ஒரு கை போகக்கூடாது. அப்படியென்றால் வாரா வாரம் மாலை தருகிறேன் என்றாள் செல்வாம்பாள். மீதி இருந்த சேற்றின்மேல் உரச் சாக்கை விரித்து, அதற்குமேல் ஆற்று மணலைப் போட்டு மூடினாள். பின்னால் தோண்டுகிறவர்களுக்குப் புது மண் எது, பழைய மண் எது என்று தெரியவேண்டும். அதுவும் ஞாயிற்றுக்கிழமைப் பாடம்தான்.

திங்கட்கிழமை வருவதாகச் சொன்னவர்கள் வியாழக்கிழமை வந்தார்கள். பந்தலைப் பார்த்துத் தெருவையே திட்டினார்கள். திங்கள்னுதானே சார் சொன்னீங்க என்று செல்வாம்பாள் கேட்டதற்கு, வண்டி கிடைக்கவில்லை என்றார்கள். படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கலைந்த மண் இனிப் பேசாது, சாக்குக்குக் கீழே இருப்பது ஒருவேளை பேசும் என்று பேராசிரியை ஆறுதல் சொன்னார். அவள் ஆறவில்லை.

இப்போதும் வெள்ளிக்கிழமை மாலை தவறுவதில்லை. ஆனால் தன் கையால் சாத்தமாட்டாள். சுமலதாவிடம் நீட்டிவிட்டு, மணல் இறங்கியிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பாள். பிறகு பந்தலுக்குள் கால் வைக்காமல், வெளியே சேற்றில் இறங்கிச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

போன வாரம் சுமலதாவுக்குப் பொறுக்கவில்லை. "நேரா நடந்தா என்னக்கா? சாமி உள்ளதான இருக்கு. இது வெறும் தரை."

செல்வாம்பாள் நிற்காமலே சொன்னாள். "அந்தக் காலத்துல அவங்க வெச்ச பூவு அதுலதான்டி கெடக்கு. நீங்க மிதிங்க."