ஒரு பொய்க்கு மூன்று நிஜம்

நான் பேய்க்கதை எழுதிப் பிழைக்கிறவள். கைபேசிச் செயலி ஒன்றில் வாரத்துக்கு இரண்டு அத்தியாயம். படித்துவிட்டுத் தனியாகக் கொல்லைப்பக்கம் போக முடியவில்லை என்று யாராவது எழுதினால் அன்றைக்கு எனக்கு ஒரு தோசை அதிகம் இறங்கும். போன மாதம் புதிதாக எழுத வருகிறவர்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தேன். பயம் வெளியில் இல்லை, உங்களுக்குள் இருக்கும் இருட்டைத் தோண்டுங்கள் என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். ஒரு பொய்க்கு மூன்று நிஜம் சேர்த்தால் கதை நிற்கும் என்றும் சொன்னேன். ஒரு பெண் கையைத் தூக்கி, நீங்கள் எதைத் தோண்டினீர்கள் என்று கேட்டுவிட்டாள். சின்ன வயதில் எங்கள் ஊர்க் கிணற்றைப் பார்த்துப் பயந்தேன் என்று புளுகினேன். அந்தக் கிணற்றில்தான் நான் நீச்சலே கற்றுக்கொண்டேன்.

நான் தோண்டியது இருட்டில்கூட நடக்கவில்லை. பட்டப்பகலில் நடந்தது.

எங்களுடையது உத்திரமேரூரை ஒட்டிய கிராமம். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. கூடப் படித்தவள் கன்னியம்மா. ஏரிக்கரை ஓரத்து இருளர் குடியிருப்பிலிருந்து வருவாள். அவள் அம்மா எங்கள் நிலத்தில் நடவுக்கும் களைக்கும் வருகிறவள். அந்த வருஷ மழையில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் உயிரோடு திரும்பவில்லை. சின்னப் பெண் பயந்துகொள்வாள் என்று கன்னியம்மாவைக் கிட்டே விடாமலே அடக்கம் செய்துவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு ரெட்டைச் சடை பின்னி, சிவப்பு ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிக்கொண்டு வர வேண்டும். இல்லாவிட்டால் பெரிய டீச்சர் வாசலிலேயே நிறுத்திவிடுவார். கன்னியம்மாவின் அப்பாவுக்குச் சடை பின்ன வராது. இரண்டு நாள் அவள் வெளியே நின்றதைக் கேள்விப்பட்ட என் அம்மா, காலையில் நம் வீட்டுக்கு வந்துவிட்டுப் போ என்று சொல்லிவிட்டாள். கன்னியம்மா எனக்கு முன்னால் எழுந்து வந்து நிற்பாள். அதனால் முதல் சடை அவளுக்குத்தான்.

என் எண்ணெய், என் சீப்பு, என் அம்மா. அம்மா அவள் முடியை அள்ளிப் பிடித்து, "இன்னா முடிடி ஒனக்கு, ரெண்டு கை பத்தல" என்பாள். அப்புறம் என்னை உட்காரவைத்து, "இதுவும் கீதே, எலிவாலு" என்று சிரிப்பாள். கன்னியம்மாவும் சிரிப்பாள். அம்மா சொன்னது விளையாட்டுக்குத்தான். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. தாயில்லாப் பிள்ளை என்று ஊரே அவளுக்காக உச்சுக்கொட்டியது. தாய் இருந்தும் வரிசையில் நிற்கிற என்னை ஏனென்று கேட்க நாதியில்லை.

ஒரு திங்கட்கிழமை சத்துணவு வரிசையில் அவள் காதோடு சொன்னேன். நேற்று உச்சிவேளையில் எங்கள் மோட்டார் கொட்டாய்த் தண்ணீர்த் தொட்டியின் மேல் உன் அம்மா உட்கார்ந்திருந்தாள். தோளில் ஒட்டுப்போட்ட பச்சைப் புடவை. இடது கையில் மட்டும் வளையல். பேசுவதற்கு முன்னால் இரண்டு தரம் தொண்டையைச் செருமினாள். மூன்றும் நிஜம், அவள் களை எடுக்க வந்தபோது நான் பார்த்து வைத்திருந்தவை. பிறகு பொய்யைச் சேர்த்தேன். தொட்டி நிறைய அவள் தலைமுடி மிதந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்திலும் முடிதான். கடைசியாக, எதற்காகக் கதையையே ஆரம்பித்தேனோ அதைச் சொன்னேன்.

"எம் பொண்ணு தலைய எவளோ தொட்றா, நான் வந்துதான் பின்னுவேன்னு சொல்லிச்சு."

முகமே இல்லாதவள் எப்படிப் பேசினாள் என்று அவள் கேட்டிருந்தால் நான் மாட்டிக்கொண்டிருப்பேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"எந்தப் பக்கம் பாத்துக்கினு குந்தியிருந்துச்சு?"

"ஒங்க வூட்டுப் பக்கந்தான்" என்றேன். கதைக்கு அது பொருத்தமாகப் பட்டது.

மறுநாள் அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் வரவில்லை. அந்த வாரத்தின் மீதி நான்கு நாளும் முதல் சடை எனக்கு. ஒரு கதை இவ்வளவு வேலை செய்யும் என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். இன்றுவரை அதை வைத்துத்தான் சோறு தின்கிறேன்.

சனிக்கிழமை மதியம் அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு அம்மாவோடு வயலுக்குப் போனேன். மோட்டார் கொட்டாயில் கன்னியம்மா இருந்தாள். தொட்டிக்கு முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலையில் எண்ணெய் வழிய, முடியைப் பின்னால் விரித்துப் போட்டிருந்தாள். கையில் இருந்த சீப்பைத் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் நீட்டிப் பிடித்திருந்தாள். கண் மட்டும் ஏரிக்கரைப் பக்கம் இருந்தது.

அம்மா தூக்குவாளியைக் கீழே வைத்தாள். "இங்க இன்னாடி பண்ற? வா, நான் பின்னி வுடறேன்."

அவள் தலையை விலக்கிக்கொண்டாள். "வாணாம்மா. நீங்க தொட்டா எங்கம்மா வராது."

"யாருடி சொன்னா?"

கன்னியம்மா என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். கடைசிவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

வரப்பில் திரும்பி வரும்போது அம்மா நின்றாள். "அவளாண்ட இன்னா சொன்ன?" ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அம்மா மறுபடி கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை தலை வலிக்க வலிக்க இழுத்துப் பின்னினாள். எலிவால் என்று சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. அம்மா இப்போதுதான் என் தலையை அக்கறையாகப் பின்னுகிறாள் என்று சந்தோஷப்பட்டேன்.

அம்மா எத்தனையோ தரம் ஏரிக்கரைக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். கன்னியம்மா வரவில்லை. நான் சொன்னது பொய் என்று ஒரு வார்த்தை அவளிடம் போய்ச் சொல்ல எனக்குத் தை மாதம் வரை நாள் இருந்தது. சொல்லியிருந்தால் அவள் பள்ளிக்கூடம் வந்திருப்பாள். முதல் சடை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அறுப்பு முடிந்ததும் அவள் அப்பா குடும்பத்தோடு வாலாஜாபாத் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் நான் அவளைப் பார்க்கவில்லை.

முகமெல்லாம் முடியாக வருகிற ஒருத்தியை மூன்று கதைகளில் எழுதிவிட்டேன். எல்லோரும் நன்றாகவே பயப்படுகிறார்கள். தொட்டியடியில் உட்கார்ந்திருந்தவளை மட்டும் எந்தக் கதையிலும் எழுதத் துணிந்ததில்லை. அன்றைக்கு அவளைப் பார்த்துவிட்டு வரும்போது, பயத்தில் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள், நம் கதை பலித்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டேன். அம்மாவிடம் பொய் சொன்ன பிறகும் நடையில் ஒரு துள்ளல்கூட இருந்தது. பேய்க்குப் பயந்த யாரும் பேய் வருகிற இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அதன் கைக்கு எட்டும்படி சீப்பை நீட்டிக்கொண்டு உட்காரமாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.