பித்தளைக் குவியலில் வந்த திருவாசி

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பித்தளை வால்வு வார்க்கும் ஆலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஸ்கிராப் லோடு இறங்கியதும், அது உலைக்குப் போகுமுன் சாம்பிள் எடுப்பது என் பொறுப்பு. தட்டையான ஓர் இடத்தைத் தேடி, கிரைண்டரால் தேய்த்து, இயந்திரத்தில் வைத்தால் செம்பு இவ்வளவு, துத்தநாகம் இவ்வளவு என்று சொல்லிவிடும். முன்பு அது என்ன பொருளாக இருந்தது என்று நான் பார்ப்பதில்லை. குழாய், குடம், விளக்கு, தோட்டா உறை எல்லாமே எனக்குக் கலவைதான்.

அன்று இலங்கையிலிருந்து வந்த கன்டெய்னரில் ஒரு வளைவு இருந்தது. கோயிலில் சாமி சிலைக்குப் பின்னால், ஓரமெல்லாம் தீச்சுடர் வைத்து நிற்குமே, அந்தத் திருவாசி. என் தோளுயரம் இருந்தது. முன்பக்கம் முழுக்க வேலைப்பாடு, தேய்க்க இடமில்லை. புரட்டிப் போடச் சொன்னேன். பின்பக்கம் எழுத்து வெட்டியிருந்தது. உபயம் செய்தவர்களின் பெயர்கள் மழுங்கியிருந்தன. ஊர்ப் பெயர் மட்டும் தெளிவாக இருந்தது. அதை வாய்விட்டுப் படித்தேன்.

தராசுக்குப் பக்கத்தில் பித்தளையைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். "இன்னொருக்கா வாசியுங்கோ."

அவர் அகதி முகாமிலிருந்து வருகிறவர். சிறுமியாக இருந்தபோது படகில் வந்து, இங்கேயே மணமாகி, பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். எங்களோடு எங்களைப் போலத்தான் பேசுவார். அந்த இலங்கைப் பேச்சை அவரிடம் நான் கேட்டது அன்றுதான். மறுபடி படித்தேன். கையுறையைக் கழற்றிவிட்டு வந்து எழுத்தின் மேல் விரல் வைத்தார்.

"எங்கட ஊர்," என்றார். "அம்மன் கோயில்."

சண்டை நெருங்கியபோது ஊரே ஒன்றாகக் கிளம்பியதாம். பிற்பாடு திரும்பிப் போனவர்கள் பார்த்தபோது கல் அம்மன் மட்டும் இருந்தாள். விளக்கு, மணி, திருவாசி, கதவில் இருந்த பித்தளைக் குமிழ்கூட இல்லை. யார் எடுத்தார்கள் என்று அக்காவுக்குத் தெரியாது. "ஆளில்லாத ஊர்," என்றார்.

அதை உருக்கக் கூடாது என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. சிக்கல் அதன் பிறகுதான் வந்தது. யார்டு மேஸ்திரி அதைப் புளி போட்டுத் தேய்த்து, தராசுக் கொட்டகைச் சுவரில் சாய்த்து, எழுத்து இருந்த பக்கத்துக்கும் சேர்த்துக் குங்குமம் வைத்தார். நடுவில் வெறுமையாக இருக்கிறதே என்று யாரோ முருகன் காலண்டர் ஒன்றை மாட்டினார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் கற்பூரம். யார் கையிலும் ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் சில வாரங்கள் போனதும் அது எங்கள் ஆலைச் சாமி ஆகிவிட்டது.

இது போரில் கொள்ளை போன பொருள், தாசில்தார் அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும் என்று சொன்னேன். மேஸ்திரி சிரித்தார்.

"இன்னாம்மா, உன் மிஷினு இத்த சாமி இல்லன்னு சொல்லிச்சா?"

"இத நான் மிஷின்ல வெக்கவே இல்லண்ணா. வெச்சாலும் செம்பு, துத்தநாகம், ஈயம்னுதான் சொல்லும்."

"அப்ப கம்முனு இரு. அதுவா கடலத் தாண்டி வந்துகீது. அனுப்ச்சி வுட நாம யாரு?" பிறகு அக்காவின் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். "இங்கயே இருந்தா நீயும் டெய்லி பாத்துக்கினு இருக்கலாம். அங்க போய்ட்ச்சின்னா, உன்னால போவ முடியுமா?"

முடியாது. அக்காவிடம் பாஸ்போர்ட் இல்லை. பிறந்ததற்கான சான்றும் ஊரோடு போய்விட்டது. மேஸ்திரி அதைக் கேலியாகக் கேட்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அதன் பிறகு அக்கா மதியச் சாப்பாட்டுக்குக் கேன்டீன் வருவதை நிறுத்திவிட்டு, டிபன் டப்பாவோடு கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டார். எதிரே முருகன் காலண்டரும் அந்த வளைவும். தாசில்தார் பேச்சை நான் மறுபடி எடுக்கவில்லை. முதலில் அவர் சொல்லட்டும் என்று இருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, கற்பூரம் அணைந்ததும் அவரே எழுந்து காலண்டரைக் கழற்றினார்.

"இன்னா பண்ற நீ?" என்றார் மேஸ்திரி.

"அண்ணா, அங்க அம்மன் பின்னால ஒண்டும் இல்லாம நிக்கிறா. நான் பாத்துக்கினு இருக்கறதுக்காக அவ அப்பிடி நிக்கணுமா?"

மேஸ்திரி உள்ளே போய், சுற்றிக் கட்டச் சுத்தமான சாக்கு கொண்டுவந்தார்.

தாசில்தார் அலுவலகத்துக்கு நான் அதன் நிலையைக் குறித்துக் கொடுத்தேன்: உச்சிச் சுடர் வளைந்திருக்கிறது, இடப்பக்கத்து மகரத்தின், அந்த முதலை முகத்தின், தாடை இல்லை, வளைவின் அடியில் அறுத்த தடம். உறவுக்காரர்கள் மூலம் அக்கா ஊரிலிருந்து ஒரு பழைய படத்தை வரவழைத்தார். அலங்காரத்தில் அம்மன், தலைக்கு மேல் அதே வளைந்த சுடர். அதிகாரிகள் வந்தார்கள், கேட்டார்கள், ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு நீண்ட நாள் எந்தச் சேதியும் இல்லை. மாதாமாதம் போன் செய்தேன். கையெழுத்துகளும் முத்திரைகளும் ஒவ்வொன்றாக விழுந்து, ஒரு நாள் அது கடல் தாண்டியது.

போன தை மாதம் ஊரிலிருந்து வீடியோ வந்தது. கொட்டகையில் அக்கா என் போனைப் பிடித்திருக்க, எல்லோரும் சுற்றி நின்றோம். திருவாசியைத் தூக்கி நிறுத்துவதற்குள் அதன் பின்பக்கம் ஒரு கணம் தெரிந்தது. எழுத்துப் பள்ளங்களில் சிவப்பு.

"நம்ம குங்குமம்பா அது," என்றார் மேஸ்திரி. "அயிக்கல பாரு."

மற்றவர்கள் கலைந்த பிறகும் அக்கா போனைத் தரவில்லை. இன்னொரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இத அனுப்ப என்னென்னல்லாம் கேட்டாங்க?"

இப்படிக் கேட்டால் எனக்கு வரிசையாக வந்துவிடும். எந்த ஊருடையது என்பதற்கு ஆதாரம், பழைய படம், எங்களுடையதுதான் என்று அங்கிருந்து எழுதிய கடிதம்... சொல்லிக்கொண்டே வந்தவள், அவர் தனக்காகத்தான் கேட்கிறார் என்று புரிந்து நிறுத்தினேன்.

"ம்," என்றார். "அதுக்கு முதுகில ஊர்ப் பேர் வெட்டி இருந்தது."

போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டார்.