பேய் இருமாது

தோக்கியோ நேரம் காலை ஏழரை. ஜப்பான்காரர்கள் வருவதற்கு முன்பு அதையே ஆறு மணி என்போம். முதலில் கண்ணில் பட்டது புகை. கோத்தா திங்கிக்கு அருகே நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுபோயிருந்தது. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கொட்டகை அன்றிலிருந்து மூடிக் கிடந்தது. அதன் கூரை இடுக்கில் நூல் மாதிரி ஒரு புகை எழுந்தது.

நான் நின்று பார்ப்பதை தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தின் கடைசி வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விடப் போய்க்கொண்டிருந்தவள்.

"அண்ணே, அங்க பாக்காதீங்க. பேய் இருக்கு. வெள்ளைப் புடவை, விரிச்ச முடி. ராத்திரியெல்லாம் இருமுது. விடிஞ்சா மரவள்ளிக்கிழங்கு சுடுது. வாசனை வருது பாருங்க."

வாசனை வந்தது.

அவள் புருஷனை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அவன் வழியில் குதித்து ஓடிவந்து அந்தப் புகைக்கொட்டகைக்குள் ஒளிந்திருந்தான். பிடிபட்டால் உயிர் மிஞ்சாது. அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை; எனக்கே பின்னால்தான் தெரிந்தது. பேய்க் கதையை மட்டும் எல்லோரிடமும் சொன்னாள். மாலைக்குள் லயம் முழுக்கப் பரவிவிட்டது.

நான் சிங்கப்பூரில் ஒரு பத்திரிகையில் செய்தி திருத்திக்கொண்டிருந்தவன். பத்திரிகை நின்றதும் தோட்டத்துக்கு வந்து மரவள்ளி நட்டேன். ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட டீச்சரும் அப்படி வந்து சேர்ந்தவர்தான். முப்பது வயதிருக்கும். கத்தோலிக்கர். கல்லூரியில் அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி திகில் கதைகள். ஆங்கில நாவல்களில் வரும் பாழடைந்த மாளிகை, மலாய்க்காரர்களின் பொந்தியானாக் பேய், நம் ஆட்களின் முனி, சினிமாவில் தானாகத் திறக்கும் கதவு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது பயமுறுத்துகிறது, எது பயமுறுத்தப் பார்த்துச் சிரிப்பில் முடிகிறது என்று ஆராய்ந்தவர். மெக்கானிக் இஞ்சின் சத்தத்தைக் கேட்பதுபோல் ஒரு பேய்க் கதையைக் கேட்பார். தட்டுகிற இடம் எது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

மறுநாள் காலை ஆட்களை வரிசையில் நிறுத்தும் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடித்த கிராணி, தோட்ட ஆபீஸ் குமாஸ்தா, சிரித்தார். சயாமுக்கு யார் யாரை அனுப்புவது என்று ஜப்பான்காரர்களுக்குப் பெயர் கொடுத்தவர் அவர்தான்.

"பேய்க்கும் மரவள்ளிதானா? அலமாக்! அதுக்கும் அரிசி கிடைக்கல போல. இருமலுக்கு மருந்துகூட இல்ல. பாவம்லா. ஞாயித்துக்கிழமை நாலு பேரோட போய் அதையும் இழுத்தாந்து பெரட்டுல நிறுத்துறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வீட்டுக்காரி சிரிக்கவில்லை. அதை டீச்சர் பார்த்தார். நானும் பார்த்தேன்.

பெரட்டு கலைந்ததும் அவள் குழந்தையோடு ஆயாக் கொட்டகைக்கு வந்தாள். நான் கூரைக்கு அத்தாப்பு ஓலை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"உங்க கதையில தப்பு இருக்கும்மா" என்றார் டீச்சர். உள்ளே இருப்பது யார் என்று அவர் கேட்கவில்லை.

"கதை இல்ல டீச்சர், நெசம்."

"நெசமாவே இருக்கட்டும். பேய் இருமாது. கிழங்கும் சுடாது."

"முனிக்கு நாங்க படையல் போடுறோமே?"

"படையல் கேக்கும். தானா அடுப்பு மூட்டிச் சுட்டுத் திங்காது. பசியும் இருமலும் இருந்தா அதுக்கு உடம்பு இருக்கு. உடம்பு இருந்தா கட்டி இழுத்துட்டு வரலாம்னு தோணிடும். கிராணிக்கு இப்பவே தோணிடுச்சு."

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "இப்ப நான் என்ன செய்றது?"

"அடுப்பு அணையணும். இருமல் வந்தா வாயில துணி. சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லிடுங்க. அப்புறம், புடவையும் முடியும் வேணாம். இனிமே அதை யாரும் பாக்கல. குரல் மட்டும்தான். விடியக்கால உள்ள பெரட்டு நடக்குது. சயாம் போனவங்க பேரை ஒவ்வொண்ணா கூப்பிடுது. யாரும் பதில் சொல்லல."

"யார் யார் பேரு?"

"அதை மட்டும் சொல்லாதீங்க. கேட்டா, சரியா காதுல விழலன்னுடுங்க. மிச்சத்தை அவங்களே கேட்டுக்குவாங்க."

வருஷக்கணக்கில் அடுத்தவர் எழுதியதை வெட்டியவன் நான். இவ்வளவு சுத்தமான திருத்தத்தை அதற்கு முன்பும் பின்பும் பார்த்ததில்லை. எடுத்ததெல்லாம் கண்ணுக்கும் மூக்குக்கும் உரியவை. சேர்த்தது ஒரே ஒரு குரல். அந்தக் குரலும் கிராணி தினம் செய்கிற வேலையைத்தான் செய்தது.

புதுக் கதையைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிராணிக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்து சொன்னான். பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கடைசி வீட்டுக்காரி மாட்டுக்கு அறுத்த புல்லுக்கட்டுக்குள் அவித்த கிழங்கு புகைக்கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தது.

டீச்சர் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. நடு லயத்தில் இருந்த ஒருத்தியின் புருஷனும் சயாமுக்குப் போனவன். அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவள் கடைசி வீட்டுக்காரியிடம் வந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் பேரைக் கூப்பிட்டுச்சாடி?"

"சரியா காதுல விழலக்கா."

அடுத்த நாளிலிருந்து அவள் விடியற்காலையில் புகைக்கொட்டகைக்குப் போகும் பாதையின் முனையில் போய் நிற்க ஆரம்பித்தாள். உள்ளே போகமாட்டாள். காதைக் கொடுத்து நிற்பாள்.

அன்று டீச்சர் என்னிடம் சொன்னார்: "பயப்படறவங்களைப் பத்தித்தான் இத்தனை வருஷம் படிச்சிருக்கேன். அந்தக் குரலுக்காக ஏங்கறவளை யோசிக்கவே இல்ல."

உண்மையைச் சொன்னால் ஓர் உயிர் போகும். அதனால் நாங்கள் அவளிடம் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து அவள் தனியாக நிற்கவில்லை. டீச்சர் பக்கத்தில் போய் நின்றார். பிள்ளைகள் வரும் நேரம் ஆனதும் இருவரும் சேர்ந்து திரும்புவார்கள். மழை நாட்களில் ஒரே சாக்கைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். படித்த படிப்பில் ஓர் ஓட்டை தெரிந்தபோது அந்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே போய் நின்றவரை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

ஜப்பான்காரர்கள் சரணடைந்த செய்தி எங்கள் தோட்டத்துக்கு ஒரு மாலையில் வந்தது. மறுநாள் காலை புகைக்கொட்டகைக் கதவு திறந்தது. கடைசி வீட்டுக்காரியின் புருஷன் தாடி வளர்ந்து, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இருமியபடி வெளியே வந்தான்.

பாதை முனையில் நடு லயத்துக்காரி நின்றுகொண்டிருந்தாள்.