அமுதவல்லி மூடிய கேமரா

அமுதவல்லி கை வைத்தால் எந்தக் குழந்தையும் பத்து நிமிடத்தில் தூங்கிவிடும் என்று அந்தக் காப்பகத்தில் சொல்வார்கள். உழவர்கரையில், ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் நடக்கும் காப்பகம். வேலைக்குப் போகும் அம்மாக்கள் காலையில் விட்டுவிட்டு மாலையில் தூக்கிப்போவார்கள். ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளின் அறை ஒன்பது வருடமாக அமுதவல்லியின் பொறுப்பில் இருந்தது. ஆறு தொட்டில், ஒரு மேசை, ஓரத்தில் பால் கொடுக்கும் அம்மாக்களுக்கு ஒரு நாற்காலி. அவளுக்கு நாற்பத்தாறு வயது. தவளக்குப்பத்துக்குப் பக்கத்துக் கிராமம். கணவர் கலியபெருமாளுக்கு விவசாயம்.

போன வருடம் காப்பகத்தை நடத்தும் பிரேம்குமார் அந்த அறையில் கேமரா வைத்தார். சும்மா படம் பிடிக்கிற கேமரா இல்லை, ஏஐ கேமரா. தூங்குகிற குழந்தை குப்புறத் திரும்பினாலோ, முகத்தில் துணி விழுந்தாலோ அதுவே கண்டுபிடித்து மேசை மேலிருக்கும் டேப்லெட்டில் மணி அடிக்கும், பிரேம்குமாரின் போனுக்கும் செய்தி போகும். பெற்றோர்கள் அவரவர் அலுவலகத்திலிருந்தே பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம்.

அமுதவல்லிக்கு முதலில் அது பிடிக்கவில்லை. குழந்தையின் முதுகில் தட்டி அவள் தூங்க வைப்பதை அது 'வேகமான அசைவு' என்று கணக்கு வைத்தது. "தட்டாம எப்டி சார் தூங்கும்?" என்று கேட்டாள். "அது அப்டித்தான்மா, போகப் போகக் கத்துக்கும்" என்றார் அவர். ஆனால் ஒருநாள் அவள் பால் புட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. ஓடி வந்து பார்த்தால் இனியவன் என்ற எட்டு மாதக் குழந்தையின் முகத்தைப் போர்வை மூடியிருந்தது. அன்றிலிருந்து அவள் அதைக் குறை சொல்லவில்லை. காலையில் வந்ததும் கேமராவில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள்.

ஷாஹீனின் மகன் ஹாதி நாலு மாதக் குழந்தையாக அங்கே வந்தான். ஷாஹீனுக்கு ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. மதியம் பன்னிரண்டரைக்கு ஸ்கூட்டரில் வந்து பால் கொடுத்துவிட்டு ஓடுவாள். வந்த முதல் நாளே கேமராவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, அதுல நான் தெரிவனா?"

"பெரியவங்க மூஞ்சிய அதுவே மறைச்சிடும்னு சார் சொன்னாரு. எனக்கு வேற இன்னாமா தெரியும்?"

இரண்டு வாரம் கழித்து ஒரு குழந்தையின் அப்பா, தன் மகள் தூங்குவதைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தவர், ஆசையில் அந்தப் படத்தை எடுத்துப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். படத்தின் ஓரத்தில் ஷாஹீன் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மென்பொருள் சொன்னபடி முகத்தை மறைத்திருந்தது. முகத்தை மட்டும். அவளுடைய பச்சைத் துப்பட்டாவைக் காப்பகத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரோ தனியாகச் சொல்லி, அவர் உடனே படத்தை அழித்துவிட்டார். குழுவில் இருபத்தெட்டுப் பேர் இருந்தார்கள்.

மறுநாள் ஷாஹீன் வந்து நாற்காலியில் உட்காரவில்லை. ஹாதியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். அவன் பசியில் கத்தினான்.

"எத்தன பேர் பாத்தாங்களோ தெரியலக்கா. வீட்ல சொல்லல. சொன்னா வேலைக்கே போவாதன்னுடுவாங்க."

பிரேம்குமாரிடம் கேட்டார்கள். கேமராவைத் திருப்பினால் இரண்டு தொட்டில் விட்டுப்போகும் என்றார். கேமரா கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன் என்றார். குழந்தையின் அழுகை நிற்கவில்லை. அமுதவல்லி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, ஒரு வெள்ளைத் துணியைக் கேமரா மேல் போட்டாள். "இப்ப உக்காருமா."

அதுவே தினசரி வழக்கமானது. கேமரா மறைந்தால் அதற்கும் மணி அடித்தது. தினமும் அந்த நேரத்தில் போன் அலறுவது பிரேம்குமாருக்குத் தொல்லையாக இருந்தது. பன்னிரண்டரையிலிருந்து ஒன்றேகால் வரை அந்த மணியை மட்டும் நிறுத்தி வைத்தார். "பால் குடுத்து முடிச்சதும் மறக்காம எடுத்துடுங்க" என்று அவளிடம் சொன்னார். ஒன்றரை மாதம் அவள் மறக்கவில்லை.

மறந்த நாளில் ஷாஹீன் அவசரமாகக் கிளம்பினாள். ஹாதி தூங்கிவிட்டான். அமுதவல்லி அவனைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து, ஸ்டூலை இழுக்கப்போன நேரத்தில் வேறொரு குழந்தை குபுக்கென்று வாந்தி எடுத்தது. மூக்கு வழியாகவும் வந்தது. அமுதவல்லி அதைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். கழுவி, முதுகைத் தடவி, அது சரியாக மூச்சு விடும்வரை நின்று, சட்டை மாற்றித் திரும்பி வந்தாள்.

ஹாதி குப்புறக் கிடந்தான். அதுவரை அவன் குப்புற விழுந்ததே இல்லை. வீட்டிலென்றால் அதைக் கொண்டாடியிருப்பார்கள். முகம் மெத்தையில் புதைந்திருந்தது. திரும்ப முடியவில்லை.

தூக்கியபோது உதடு நீலம் பாய்ந்திருந்தது. முதுகில் தட்டினாள், உள்ளங்காலைத் தேய்த்தாள், பெயரைச் சொல்லிக் கத்தினாள். அவன் ஒருமுறை விக்கி, பிறகு அழுதான். அந்த அழுகையைக் கேட்டதும் அவனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி, பிரேம்குமாரைக் கூப்பிட்டாள்.

மருத்துவமனையில் ஒருநாள் வைத்துப் பார்த்துவிட்டு, குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றார்கள்.

சம்பவம் நடந்த அன்று மாலையே பிரேம்குமார் அவளை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். ஒரு தாளை அவள் முன்னால் வைத்தார்.

"நீங்களாவே மூடினீங்கன்னு எழுதிக் குடுங்க. எனக்குத் தெரியாதுன்னு."

"உங்களுக்குத் தெரியுமே சார். மணிய நிறுத்துனதே நீங்கதான்."

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பிறகு, "ஏன் மூடுனீங்கன்னு கேட்டா இன்னா சொல்லுவீங்க? அந்த போட்டோ கதை வெளிய வரும். அந்தப் பொண்ணு வீட்ல இன்னும் சொல்லல. உங்களுக்கே தெரியும்" என்றார்.

அமுதவல்லி அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எட்டாவது வரை படித்தவள். நிறுத்தி நிறுத்தி எழுதினாள்: கேமரா என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பது பிடிக்காததால் யாரிடமும் சொல்லாமல் நானே துணியால் மூடினேன்.

எழுதும்போது வேலை போகும் என்று மட்டும்தான் நினைத்தாள். மற்றது அவளுக்குத் தோன்றவில்லை.

ஷாஹீனின் கணவர் முஹம்மது ஆரிப் அந்தத் தாளைப் படித்துவிட்டுக் கேட்டார்: "கேமராவப் புடிக்கலன்னா இன்னா அர்த்தம்? புள்ளைங்கள அடிச்சிருப்பா. அதான் மூடியிருக்கா." போன வருடத்திலிருந்து கேமரா சேர்த்து வைத்திருந்த 'வேகமான அசைவு' பட்டியலும் வெளியே வந்தது. அவள் பெயருக்கு நேரே நாற்பத்திரண்டு. பெற்றோர் குழுவில் அது சுற்றியது. இனியவனின் அம்மா, தினமும் அவளுக்கு மல்லிகைச் சரம் கொண்டுவந்து கொடுத்தவள், "இவ்ளோ நாள் நம்பிட்டமே" என்று எழுதினாள். ஆரிப் அப்படிப் பேசியபோது ஷாஹீன் பக்கத்தில்தான் இருந்தாள். மகனை மார்போடு அணைத்துக்கொண்டு தரையையே பார்த்திருந்தாள்.

அமுதவல்லி வீட்டில் உட்கார்ந்தாள். கணவரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னாள். "உண்மைய சொல்லிடேன்" என்றார் அவர். "அந்தப் பொண்ணு சொல்லணும். நான் சொல்லக் கூடாது" என்றாள்.

ஒன்பது நாள் கழித்து ஷாஹீன் வீட்டில் சொல்லிவிட்டாள். முழுவதும் கேட்ட ஆரிப், "இத ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் அவர் பிரேம்குமாரிடம் போய் மனைவியின் படங்களெல்லாம் எங்கே இருக்கின்றன என்று கேட்டார். அது கம்பெனியிடம் இருக்கும் என்றார் பிரேம்குமார். முப்பது நாளுக்குள் எல்லாம் தானாக அழிந்திருக்கும் என்று கம்பெனி மின்னஞ்சல் அனுப்பியது. அழிந்ததா என்று பார்க்க யாருக்கும் வழியில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் குழந்தையோடு அமுதவல்லியின் வீட்டுக்கு வந்தார்கள். ஆரிப் வாசலிலேயே நின்று, "தப்பா பேசிட்டேன்க்கா. குரூப்லயும் எழுதிட்டேன்" என்றார். எழுதியதற்கு இரண்டு பேர்தான் பதில் போட்டிருந்தார்கள்.

ஷாஹீன் அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, இனிமே அந்தக் காப்பகமே வேணாம். நீங்க எங்க வீட்டுக்கு வந்து இவனப் பாத்துக்குங்க. எங்களுக்கு வேற யார் மேலயும் நம்பிக்க இல்ல."

ஹாதி அவளைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினான். அமுதவல்லி வாங்கவில்லை.

"நான் அந்தப் பேப்பர்ல எழுதுனது பொய்தாம்மா. ஆனா துணிய எடுக்க மறந்தது பொய்யில்ல. எத்தன நிமிஷம் அவன் அப்டிக் கெடந்தான்னு எனக்கே தெரியாது. கேமராவும் பாக்கல, நானும் பாக்கல."

"நீங்கதானக்கா காப்பாத்துனீங்க."

"வேணாம்மா. என் கை இப்ப புள்ளைங்கள தொட பயப்படுது."

கலியபெருமாள் உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்து வைத்தார். அது ஆறும்வரை யாரும் எடுக்கவில்லை.

அவர்கள் போன பிறகு பிரேம்குமாரும் ஒருமுறை போன் செய்தார். பால் கொடுக்க, பழைய சாமான் கிடந்த சின்ன அறையைக் காலி செய்து திரை போட்டிருப்பதாகச் சொன்னார். திரும்ப வரச் சொல்லவில்லை.

இப்போது அமுதவல்லி ஒரு பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் ஒட்டும் வேலைக்குப் போகிறாள். கடலூர் ரோட்டு பஸ்ஸில் யார் தோளிலாவது குழந்தை தூங்கினால், அதன் மூக்கு துணியில் அழுந்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வருகிறாள். போன வாரம் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்ததில் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது. அந்த அம்மாவும் குழந்தையும் இறங்கிய பிறகுதான் அவளும் இறங்கித் திரும்பி நடந்தாள்.